வேலிக்கு வெளியே சிந்திய பொரி

புல்லைப் பார்த்து அழகு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நான் இப்போது இருக்கும் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் காலையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, தன் வீட்டு வாசலில் ஒட்ட வெட்டிவிட்ட புல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நல்ல மனிதர்தான். ஒருநாள் என்னிடம், "அந்தக் காலத்துல தோட்டமெல்லாம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு, இல்லண்ணே? ஒரு புல்லு பாக்க முடியாது" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தியிருப்பேன். அவருக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

ஒரு புல் பார்க்க முடியாதுதான். அதை யார் வெட்டினார்கள், எதைக் கொடுத்து வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

லூனாஸுக்கும் பாடாங் செராய்க்கும் நடுவில் இருந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வாய்ப் பழக்கம். அங்கே எங்களுக்கென்று ஒரு கைப்பிடி மண்கூடக் கிடையாது. ஜப்பான்காரன் போன பிறகு மலாயாவில் அவசரகாலம் வந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, எங்கள் கூலி வீட்டு வரிசைகளை, ஒரே இடத்துக்கு இழுத்துச் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். அதனால் கேட்டைத் தாண்டி வாயில் போடும் பொருள் எதுவும் வெளியே போகக்கூடாது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் வெறும் தண்ணீரோடு போய், பசியோடு திரும்புவார்கள். கேட்டில் ஆண்களைத் தடவிப் பார்க்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவன், பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் குளிம் போலீஸ் ஸ்டேஷன்தான்.

வேலிக்கு வெளியே லாலாங் புல் ஆள் உயரம் வளரும். கையை வைத்து இழுத்தால் ரத்தம் வரும், அப்படிப்பட்ட புல். அதற்குள் ஒருவன் படுத்திருந்தால் தெரியாது என்பதால் வேலியைச் சுற்றிலும் புல் கணுக்காலுக்கு மேல் வளரக்கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் அதற்கு ஆளும் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள், வாராவாரம் லீவு நாளில், சம்பளம் இல்லாமல் வந்து வெட்ட வேண்டும் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். வராத வீடு லயத்தைக் காலி செய்ய வேண்டும். எங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டு, அந்தக் கம்பிக்கு நாங்களே முகம் வழித்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து போனது அக்கா. நான் ரப்பர் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில்தான் எஞ்சினை நிறுத்திக் கழுவ முடியும் என்பதால் எனக்கு லீவு என்பதே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அத்தானும் சயாம் ரயில் போடப் போனவர்கள், திரும்பவில்லை. அத்தான் செத்ததாகச் சேதி வராததால் அக்கா பூவையும் பொட்டையும் விடவில்லை. அம்மா அந்தத் துக்கத்திலேயே போய்விட்டாள். வீட்டில் மிச்சம் நானும் அக்காவும்தான். என்னை வளர்த்து ஆளாக்கியது அவள். ஸ்டோரில் வேலை கேட்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் நின்றதும் அவள்தான்.

வேலி போட்ட குத்தகைக்காரன், வெட்டியது போக மிச்சமிருந்த கம்பித் துண்டுகளைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைப் பொறுக்க யாருக்கும் உத்தரவு வரவில்லை. ஒரு லீவு நாள் அக்கா அரிவாளை வீசினாள். அது புல்லுக்குள் சுருண்டு கிடந்த கம்பியில் மாட்டியது. அவள் இழுத்தாள். கம்பி துள்ளி எழுந்து அவளுடைய இடது கண்ணில் அடித்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கட்டிவிட்டார். கட்டைப் பிரித்தபோது கண் வெள்ளையாகிவிட்டிருந்தது. அந்தக் கண்ணால் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் என்றாள். பிறகு அதுவும் தெரியாமல் போனது.

அவளைப் புல் வெட்டுவதிலிருந்து விட்டுவிடச் சொல்லிக் கிராணியிடம் போனேன். கிராணி துரையிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"ஒரு கண்ணு தெரியுதுல்ல? புல்லு வெட்ட அது போதும்ங்கிறாரு தொரை."

இதைச் சொல்லும்போது கிராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அடுத்த லீவு நாள் அக்கா, ஒரு கையை முகத்துக்கு முன்னால் மறைத்துக்கொண்டு மறு கையால் அரிவாள் வீசினாள். மிச்சமிருக்கும் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கையால் லாலாங் வெட்டுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு அவள் பங்குக்கும் வந்து கை கொடுத்தார்கள்.

துரை பங்களாவில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே புல் வெட்டத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள், சம்பளத்தோடு. அது போதாதென்று உட்கார்ந்து ஓட்டும் சின்ன டிராக்டர் ஒன்றும் இருந்தது. பின்னால் ஓர் உருளைக் கத்தியை இழுத்துக்கொண்டு போகும். அது பழுதாகி நின்றதும் துரை புதிதாக ஒன்று வாங்கினார். பழையது பங்களாக் கொட்டகையில் கிடந்தது. அதைக் கொடுத்தால் நானே சரி செய்து லயத்து வேலியை வெட்டித் தருகிறேன் என்று கிராணி மூலம் கேட்டேன். துரை சிரித்தாராம். கூலிகளின் வேலிக்கு மிஷினா என்று கேட்டாராம். அந்த வாரமே அதை லூனாஸில் பழைய சாமான் வாங்கும் பாய்க்குத் தள்ளிவிட்டார். எனக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே செய்தார் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ஸ்டோர் லாரி லூனாஸுக்குப் போகும்போது, எஞ்சினுக்கு எண்ணெய் வாங்க நானும் போவேன். பாய் கடை எனக்குப் பழக்கம். ஆணி, கயிறு, சங்கிலி, தகரம் என்று முன்னால் அடுக்கியிருப்பார். பின்கட்டில் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்று. அதற்குப் பக்கத்தில், மழையில் நனைந்தபடி, அந்த டிராக்டர் நின்றது. ஒரு சக்கரத்தில் காற்று இல்லை. சீட்டில் கோழி உட்கார்ந்திருந்தது.

"பாய், இது ஓடுமா?" என்றேன்.

"ஓடும்னு நான் சொல்லல தம்பி. ஓடாதுன்னும் சொல்லல. கோழி முட்டை போடுது, அது மட்டும் நிச்சயம்."

என்னிடம் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மில் எஞ்சின் திணறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதைச் சரி செய்து கொடுத்தால் இதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேசி முடித்தோம். லாரி ஷீட் இறக்கும் நேரத்திலெல்லாம் நான் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அவருடைய எஞ்சினைப் பிரித்தேன். மில் சீராக ஓடத் தொடங்கிய அன்று, பாய் தன் கையாலேயே கோழியைத் தூக்கிக் கீழே விட்டார். காலியாகத் திரும்பிய லாரியில் டிராக்டரை ஏற்றிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று பாய் முன்பு கேட்டபோது, "அக்காவோட கண்ணுக்கு" என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் பேரம் பேசவே இல்லை.

ஸ்டோர் வேலிக்கு வெளியே இருந்தது. வண்டியை அங்கேதான் வைத்தேன். வேலை முடிந்து கேட்டு மூடும் வரை கிடைக்கும் நேரத்தில் அதோடு மல்லுக்கட்டினேன். பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தினமும் வந்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு துரையைத் திட்டிவிட்டு மறுபடி ஊற்றுவேன். ஒருநாள் லேசாக அசைந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில், ஷீட் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

கார்புரேட்டர் முழுக்கப் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டினேன். பொறி கொடுக்கும் மேக்னட்டோவைப் பிரித்துக் கரி துடைத்தேன். எஞ்சின் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. சந்தோஷமாக உருளைக் கத்தியை மாட்டி லாலாங்கில் விட்டேன். புல் கத்தியில் சுற்றிக்கொண்டு, ஓர் ஆள் நீளம்கூடப் போகாமல் வண்டி நின்றது. அது துரைமார்களின் புல்லுக்குச் செய்த கத்தி. தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லை நறுக்கும். எங்கள் புல்லை அதற்குத் தெரியாது.

உருளையைக் கழற்றி எறிந்தேன். பாடாங் செராயில் கொல்லுப்பட்டறைக்காரரிடம் உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கொடுத்து, நீளக் கத்தியாக அடித்து வாங்கினேன். பழைய கார் ஒன்றின் முன்சக்கர ஹப்பைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் கத்தியைப் பூட்டினேன். எஞ்சினின் பக்கவாட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த புல்லிச் சக்கரத்திலிருந்து அந்த ஹப்புக்கு, ஸ்டோரில் கழித்துப்போட்ட பெல்ட்டைத் தைத்து, குறுக்கே முறுக்கி மாட்டினேன். பெல்ட் தைப்பது ஸ்டோர்க்காரனின் வேலை. தோலைக் கீறித் துளை போட்டு, முடிச்சு மேலே தெரியாமல் தைக்க வேண்டும். கத்தி விசிறி மாதிரி தரையோடு சுற்றியது. லாலாங் சாய்ந்தது.

கடைசியாகத் தகர டிரம்மைப் பிளந்து, கத்தியைச் சுற்றிலும் பாவாடை மாதிரி கட்டினேன். கம்பி மாட்டினாலும் வெளியே பறக்கக்கூடாது. அந்தத் தகரத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கும்போது அக்காவின் வெள்ளைக் கண் என் முன்னால் நின்றது.

மிஷினால் வேலியை வெட்டிக்கொள்கிறோம் என்று கிராணியிடம் சொன்னேன். புல் இறங்கினால் சரி, யார் இறக்கினால் என்ன என்றார். அடுத்த லீவு நாள் காலையில் முதல் ஓட்டம் என்று முடிவானது. எஞ்சின் கழுவும் வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிக்கொண்டேன்.

"பூசை போடாம ஓட்டக்கூடாது" என்றாள் அக்கா.

எங்கள் ஆட்கள் சைக்கிள் வாங்கினாலும் பூசை போடுவோம். ஸ்டோர் எஞ்சினுக்கே வருடம் ஒருமுறை சந்தனம் குங்குமம் உண்டு. அதிலும் இது அவள் கண்ணைக் காக்க வந்த வண்டி. அவள் தனக்குக் கிடைத்த ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்து, மணலைச் சட்டியில் காயவைத்துப் பொரி வறுத்தாள். ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, மேலே வெற்றிலையும் கற்பூரமும் வைத்தாள். பூசையை வண்டி நிற்கும் இடத்தில்தான் போட வேண்டும். முதல் அடி எடுத்துவைக்கும் மண்ணில்தான் தேங்காய் உடைய வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். வண்டி நின்ற இடமோ கேட்டுக்கு வெளியே.

எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றவில்லை. கூட வந்த பெண்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாமிக்குப் படைக்க எடுத்துப் போவதைச் சாப்பாடு என்று எங்களில் யார் நினைப்பார்கள்? மடியில் ஒளித்து எடுத்துப் போகவில்லை. இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு, குளித்து முழுகி, தலையில் பூ வைத்துக்கொண்டு அக்கா கேட்டில் வந்து நின்றாள். சோதனை போடும் பெண் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "போங்கக்கா" என்றாள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம் தமிழ்ப் பையன்தான், வேறு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனும் பார்த்தான். தொப்பியைக்கூடக் கொஞ்சம் சரி செய்துகொண்டான்.

வண்டிக்குச் சந்தனம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். தேங்காயை உடைத்தாள். ஒரு கைப்பிடிப் பொரியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தூவினாள். நான் எஞ்சினைக் கிளப்பினேன். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் நசுங்கியது. வேலி ஓரமாக நான் வண்டியை விட, லாலாங் எனக்குப் பின்னால் படுத்துக்கொண்டே வந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அக்கா இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்துக்கு முன்னால் கை இல்லை. கண் போன பிறகு வேலிக்கு வெளியே அவளை அப்படி நான் பார்த்தது அன்றுதான்.

போலீஸ் ஜீப் வந்தது அப்போதுதான். வழக்கமாகச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்கார ஆபீசர். அவர் இறங்கும் முன்பே கேட்டிலிருந்து அந்தப் பையன் ஓடி வந்தான். எங்களுக்குச் சொல்லிவைக்க வருகிறான் என்று நினைத்தேன். அவன் நேராக அக்காவிடம் போய்த் தட்டைப் பிடுங்கினான்.

"யாரு உன்னைய இத வெளிய எடுத்துட்டு வரச் சொன்னது? மக்கான், சாப்பாடு எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு தெரியாது?"

அக்கா அவனையே பார்த்தாள். "தம்பி, நீதானே பாத்துக்கிட்டு நின்னே?"

"நான் எதையும் பாக்கல."

பாக்கல என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கண் போனவள் பார்த்தாள், இரண்டு கண் உள்ளவன் பார்க்கவில்லையாம். வண்டியிலிருந்து குதித்து ஓடினேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆபீசர் மண்ணில் கிடந்த பொரியைப் பூட்ஸ் நுனியால் தள்ளிப் பார்த்தார். "பெராஸ்?" என்று மலாயில் கேட்டார். அரிசியா என்கிறார். வறுத்த அரிசிதான் என்று பையன் மலாயிலேயே சொன்னான். சாமிக்கு என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். அதை அவன் மொழிபெயர்க்கவே இல்லை. பொரியைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டார்கள். அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். உணவு கடத்த உதவிய வாகனம் என்று சொல்லி டிராக்டருக்கும் சீல் வைத்தார்கள். ஆள் நடக்கும் வேகத்தில் போகும் வண்டி அது.

அக்கா குளிமில் லாக்கப்பில் இருந்தாள். ஸ்டேஷனுக்குப் போக எனக்குப் பாஸ் கிடைக்கவில்லை. பொரி என்றால் என்ன, பூசை என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வாய் திறந்தால் விட்டுவிடுவார்கள், கூலிகள் சொன்னால் எடுபடாது என்று கிராணி சொன்னார். அந்த வெள்ளைக்காரர் துரைதான். அவர் வாய் திறக்க ஒரு நிபந்தனை இருந்தது.

"பங்களாவச் சுத்தியும் கம்பி போட்டிருக்காங்கல்ல, சரிவுல லாலாங் மண்டிக் கிடக்கு. புது மிஷினு அதுல ஓடமாட்டேங்குது. உன் மிஷினு நல்லா வெட்டுதுன்னு தொரை கேள்விப்பட்டிருக்காரு" என்றார் கிராணி. "அத பங்களாவுல விட்டுட்டா, அவரு ஆபீசர்கிட்ட பேசுவாரு."

வேண்டாம் என்று தூக்கி எறிந்தவர். கூலி வேலிக்கு மிஷினா என்று சிரித்தவர். சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். வேறு என்ன செய்வது? மறுநாளே சீல் உடைந்தது, வண்டி பங்களா இருந்த மேட்டுக்குப் போனது, அக்கா வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் முதலில் கேட்டது, "மிஷினு எங்கடா?"

சொன்னேன். நான் நினைத்தது என்னவென்றால், அவள் அழுவாள், அல்லது என் தலையைத் தடவுவாள் என்று. அவள் கையில் கிடைத்த சொம்பை எடுத்து எறிந்தாள்.

"ஏன்டா குடுத்தே?"

"உன்னவிட மிஷினு பெருசாக்கா?"

"மிஷினு பெருசில்லடா, கண்ணு பெருசு! லாக்கப்புல யாராவது என்னைய லாலாங் வெட்டச் சொன்னாங்களா? அங்கயே கிடந்திருப்பேன்லா!"

 சிறைக்குள் இருப்பதைவிட வீட்டுக்கு வருவது ஆபத்து என்று ஒரு பெண் சொல்கிறாள். அந்த வேலிக்குள் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த லீவு நாள் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கை முகத்துக்கு முன்னால்.

பங்களாத் தோட்டக்காரர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சரிவில் ஓட்டிவிட்டு அப்படியே மழையில் நிறுத்தினார்கள். பெல்ட் நனைந்து, நீண்டு, தையல் விட்டுப்போனது. கத்தி சுற்றவில்லை. துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தேன்.

"போ" என்றாள் அக்கா. "போய்த் தைச்சுக் குடு. தைச்ச பெல்ட்ட ஓட்டிப் பாக்க வேணாமா? எங்க ஓட்டிப் பாப்பே?"

அவளைப் பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிராணியிடம் போய்ச் சொன்னேன். புதிதாகத் தைத்த பெல்ட் இழுபட்டு அடங்க வேண்டும். சமதரையில், கனமான புல்லில், நிறுத்தாமல் ஓட்டினால்தான் அடங்கும். சரிவில் ஓட்டினால் அன்றைக்கே பிய்ந்துவிடும். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் துரையிடமிருந்தே கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையும் கனமான புல்லும் லயத்து வேலியைச் சுற்றித்தான் இருந்தன. கிராணிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எதுவும் கேட்காமல் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அவர் எங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. மழை எப்படியும் வாராவாரம் பெய்தது, பெல்ட் எப்படியும் வாராவாரம் விட்டுப்போனது. லீவு நாளுக்கு முந்தின மத்தியானம் வண்டி என் கைக்கு வரும். தைப்பேன், வேலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவேன், மறுநாள் காலையில் மேட்டுக்குக் கொண்டுபோய் விடுவேன். லீவு நாளில் பெண்கள் வந்து பார்த்தால் வெட்டுவதற்குப் புல் இருக்காது.

வேலிக்கு வெளியே மிஷின் ஓட்டினால் காவலுக்கு ஆள் வர வேண்டும் என்பது சட்டம். கேட்டில் நின்ற அந்தப் பையன்தான் வந்தான். முதல் நாளே அவன் கையில் ஒரு நீளக் குச்சியைக் கொடுத்தேன்.

"முன்னால நட. புல்லுக்குள்ள கம்பி கிடக்கான்னு குத்திப் பாத்துக்கிட்டே போ."

"நான் ஏன் பாக்கணும்?"

"வண்டி தொரையோடது. கத்தியில கம்பி மாட்டி ஒடஞ்சா, காவலுக்கு வந்தவன் எதையும் பாக்கலன்னு சொல்வேன்."

அவன் முகம் கறுத்தது. குச்சியை வாங்கிக்கொண்டு நடந்தான். அந்தச் சுற்றில் அவன் புல்லுக்குள்ளிருந்து பொறுக்கிய கம்பித் துண்டுகளை நான் ஒரு சாக்கில் போட்டு வந்தேன். சாக்கு நிறைந்தது. அக்காவின் கண் போவதற்கு முன்னால் யாராவது ஒருவன், ஒரே ஒரு மத்தியானம், இதைச் செய்திருக்கலாம். இத்தனை வருடம் ஆகியும் என் வயிறு எரிவது அதற்காகத்தான். காடு, கம்யூனிஸ்டு, சட்டம், எல்லாம் இருக்கட்டும். ஒரு சாக்கு, ஒரு குச்சி, ஒரு மத்தியானம், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கேட்டுக்குப் பக்கத்தில் வேலி திரும்பும் இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கம்பிக்கு உள்ளே. குளித்திருந்தாள், தலையில் பூ. கையில் அதே தட்டு. தட்டில் பொரி இல்லை, தேங்காய் இல்லை, வாழைப்பழம் இல்லை. நடுவில் ஒரு கட்டிக் கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். அவள் கம்பிக்குள்ளிருந்தபடியே வண்டிக்குத் தீபம் சுற்றினாள். புகை கம்பியைத் தாண்டி வெளியே வந்தது.

பிறகு குச்சியோடு நின்ற அந்தப் பையனைத் தன் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"தம்பி, பாத்துக்கிட்டியா? பொகை வெளிய போவுது. போய் உன் ஆபீசர்கிட்ட சொல்லு."